இறங்கினவன் ஆட்டத்தில் இல்லை

“அவர் காலத்துல நம்ம கிளப்புக்கு ஒரு கோப்பைகூட வரலை. ஆனாலும் நல்ல மனுஷர்.”

மைக்கில் கிளப்பின் சின்னப் பிள்ளை ஒன்று இப்படித்தான் சொன்னது. பங்குனி வெயில். பக்கத்து ஊர் ஹைஸ்கூல் மைதானத்தில் பந்தல் போட்டு, என் வீட்டுக்காரர் படத்தை ஆள் உயரத்துக்கு பிளெக்ஸ் அடித்து, அதற்கு முன்னால் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் பெயரில் நடக்கிற முதல் பந்தாட்டப் போட்டி. படத்தில் அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கிருந்து எடுத்தார்களோ.

பொன்னாடை போர்த்தினார்கள். அப்புறம் மைக்கை என் கையில் திணித்தார்கள்.

“நாலு வார்த்தை பேசுங்க பெரியம்மா. மேனேஜர் கிளப்புக்கு என்ன செஞ்சாங்கன்னு உங்க வாயால சொல்லுங்க.”

எனக்கு அந்த ‘ஆனாலும்’ காதை விட்டுப் போகவில்லை. “நல்லா ஆடுங்கப்பா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதற்கும் கை தட்டினார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வருகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. படிக்கிறவர்களுக்கு அவசரம் என்றால் போய் வரட்டும்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில் வாய்க்கால் கரையில் இருக்கிறது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆட்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரேஷன் கடையில்கூட அவர் மேனேஜர்தான். வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்பார்கள், “உங்க வீட்டுக்காரர் எந்த ஆபீஸ்ல மேனேஜர்?” என்று. “ஏழு பேருக்கு” என்பேன். எங்கள் ஊர்ப் பக்கம் பந்தாட்டம் என்றால் கால்பந்து, ஒரு டீமுக்கு ஏழு பேர். அந்த ஏழு பேரைப் பொறுக்குவது, பழக்குவது, சண்டை வந்தால் பிரித்துவிடுவது, வெளியூர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போய்க் கை கால் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து அவரவர் ஆத்தாளிடம் ஒப்படைப்பது, இதுதான் அவர் உத்தியோகம். சம்பளம் கிடையாது. மற்ற நேரத்தில் வயல் வேலை பார்க்கிற சம்சாரி.

வயலைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு கன்னி வாய்க்கால். அதைத் தாண்டினால் எங்கள் வயல். இரண்டு தாக்காக இருந்ததை நடுவரப்பை வெட்டி ஒரே தாக்காக ஆக்கினவர் அவர்தான். தண்ணீர் கட்டுவதற்காக என்று அப்போது நினைத்தேன். பந்தாடுவதற்காக என்று அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். தையில் சம்பாக் கதிர் முற்றிச் சாய்ந்து நிற்கும். அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, நெல் நிற்கிற வயலுக்குள்ளேயே, அந்த மெழுகு ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுத்தால் தாளுக்கு நடுவில் உளுந்து கண் திறந்திருக்கும். அதற்கு உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. பனியைக் குடித்தே வளர்ந்து பங்குனியில் காய்த்துவிடும். சும்மா வருகிற வெள்ளாமை. டெல்டாவில் அதை வேண்டாம் என்று விட்ட சம்சாரி உண்டா? உண்டு. என் வீட்டுக்காரர்.

“வயலைச் சும்மா போட்டாத்தான் மாசியிலேயே பசங்களுக்குக் கால் பழகும். சித்திரை வந்தா ஊர் ஊருக்குத் திருவிழா ஆட்டம் வருதுல்ல” என்பார்.

“கால் பழகட்டும். இட்லிக்கு என்ன போடறது?”

“கடையில விக்குதுல்ல.”

கடையில் உளுந்து வாங்கி மாவு ஆட்டிய சம்சாரி வீடு எங்கள் வீடு ஒன்றுதான். மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பார். நான் மேலே தொங்குகிற வாழைத்தாரைப் பார்ப்பேன்.

எங்கள் வயலைச் சுற்றி எல்லார் வயலிலும் உளுந்து பச்சைப் பசேலென்று நிற்கும். நடுவில் எங்கள் வயல் மொட்டையாகக் கிடக்கும். அதில் பந்து. பந்துக்கு வரப்பு தெரியுமா? நாளைக்குப் பத்துத் தடவையாவது அடுத்தவன் உளுந்தில் போய் விழும். அதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். முளைச்ச வயலில் பந்து விழுந்தால் ஆட்டம் நிற்க வேண்டும். ஒரே ஒரு ஆள், செருப்போ பூட்ஸோ இல்லாமல், வரப்பு மேலேயே நடந்து போய், துரட்டியால் பந்தை இழுத்து எடுத்துவர வேண்டும். ஓடிப்போய்ச் செடிக்குள் குதித்தால் அன்றைக்கு அவன் வெளியே. “இறங்கினவன் ஆட்டத்தில் இல்லை.” இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை மாசிகளில் எங்கள் கொல்லையில் நின்று கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கிளிப்பிள்ளை இருந்தால் அதுவும் சொல்லியிருக்கும்.

அவர் டீமில் மேலத்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் கலந்து ஆடினார்கள். ஆட்டம் முடிந்தால் எல்லாருக்கும் எங்கள் கொல்லையில்தான் சாப்பாடு. எலுமிச்சம்பழச் சோறும் தேங்காய்த் துவையலும். ஒரே வரிசையில் இலை. ஒரு நாள் மேலத்தெருப் பெரியவர் ஒருத்தர் வந்து வாசலிலேயே நின்று கேட்டார்.

“என்ன மேனேஜரே, எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சிட்டியாமே?”

“ஆமாங்க மாமா. எச்சில் பாத்தா எப்படி ஒருத்தனுக்கொருத்தன் பந்தைத் தள்ளிவிடுவான்? நீங்களும் வாங்க, துவையல் நல்லாருக்கு.”

பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். அப்புறம் ஒரு வருஷம் எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கவில்லை. இலை போட்டவளும் பரிமாறினவளும் நான். இதை நான் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

அந்த வரிசையில் காலனிப் பிள்ளை ஒருவன் இருந்தான். முன்னால் நடுவில் நின்று கோல் போடுகிறவனை சென்டர் என்பார்கள். அவன் ஆடின ஆட்டத்தில் ஊரே அவனை சென்டர் என்றுதான் கூப்பிட்டது. ஒரு நாள் இலையில் உட்கார்ந்துகொண்டு, “அத்தை, இன்னும் கொஞ்சம் துவையல்” என்றான். அந்தத் தெருவிலிருந்து எங்கள் தெருவில் யாரையும் யாரும் முறை வைத்துக் கூப்பிட்டது கிடையாது. மேலத்தெருப் பிள்ளைகள் இலையில் வைத்த கையோடு என்னைப் பார்த்தார்கள். அவன் பாட்டுக்கு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பசி. நான் துவையலை வைத்தேன். அன்றையிலிருந்து நான் அவனுக்கு அத்தைதான்.

அவரிடம் குறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கோபம் மூக்கில் உட்கார்ந்திருக்கும். கோல் போட்டவனை ஒரு நாளும் பாராட்டினதில்லை. “அடுத்தவன் தள்ளிக் கொடுத்தான், நீ உதைச்சே” என்பார். பயிற்சிக்கு ஒரு நாள் வராவிட்டால் அந்த வாரம் ஆட்டம் கிடையாது; பாட்டி செத்துப்போன பிள்ளையைக்கூட உட்கார வைத்தார். எங்கள் பெண்ணுக்குத் தலைப்பிரசவம், திருவாரூர் ஆஸ்பத்திரியில் நான் ஒண்டியாக நிற்கிறேன், இவர் நாகூர்ப் பக்கம் ஏதோ ஆட்டத்தில். பேத்தி பிறந்த சேதி கேட்டு வந்தவர், குழந்தையின் காலைத்தான் முதலில் பார்த்தார்.

கோப்பை வரவில்லை என்பதும் உண்மைதான். பைனல் வரைக்கும் போவார்கள், தோற்பார்கள். ஏன் என்றால் மற்ற கிளப்பெல்லாம் பைனலுக்கு வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆள் இறக்கும். ஏழில் நாலு பேர் ஊர் பேர் தெரியாதவர்கள். இவரோ, “நம்ம ஊருன்னு பனியன்ல எழுதியிருக்கு. உள்ள இருக்கறவனும் நம்ம ஊர்க்காரனா இருக்கணும்” என்பார்.

எங்கள் வயலிலேயே ஒரு பங்குனியில் போட்டி நடந்தது. அந்த வருஷம் கோப்பை கைக்கு வந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். கடைசி ஆட்டம். ஒரு கோல் பின்னால் இருக்கிறோம். நேரம் முடியப்போகிறது. பந்து பக்கத்து வயல்காரர் உளுந்தில் விழுந்தது. காய் பிடித்த செடி. துரட்டி எடுத்துப் போகிறவன் வரப்பில் மெள்ள நடக்கிறான். சென்டருக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஓட்டமாக ஓடிச் செடிக்குள் குதித்து, பந்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். “வெளிய வா.”

“மேனேஜர், டைம் இல்ல!”

“இறங்கினவன் ஆட்டத்தில் இல்லை.”

பக்கத்து வயல்காரரே ஓடிவந்தார். “விடுங்க மேனேஜர், என் வயலு, நான் சொல்றேன். நாலு செடிதானே!”

“இன்னிக்கு இவன் நாலு செடி. நாளைக்கு இவனைப் பாத்து ஊரே இறங்கும். அப்புறம் எவன் நமக்குப் பக்கத்துல உளுந்து போடுவான்?”

ஆறு பேரோடு ஆடினார்கள். தோற்றார்கள். சென்டர் வரப்பில் உட்கார்ந்து, முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் சாப்பிட வரவில்லை. இலையைப் போட்டு வைத்திருந்தேன். மாட்டுக்குப் போயிற்று.

அடுத்த மாசம் மாரியம்மன் கோயில் வாசலில் கிளப் கூடியது. பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“கையைத் தூக்கிட்டானுங்க” என்றார்.

“யாரு?”

“எல்லாரும். புது மேனேஜர் போடணுமாம். வெளியாளை இறக்கணுமாம்.”

“அவனுமா?”

“முதல் கை அவனுதுதான்.”

அவர் உள்ளே போய் கிளப் ஜெர்சி மூட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். விசில், பந்து, காற்றடிக்கிற பம்பு. “துவைச்சுக் குடு. அழுக்கா ஒப்படைக்கக் கூடாது.” மறுநாள் வாய்க்காலில் உட்கார்ந்து துவைத்தேன். எத்தனையோ வருஷம் துவைத்த துணி. யார் ஜெர்சியில் எங்கே கிழிசல், எவன் தொடையில் துடைக்கிறவன், எவன் நெஞ்சில் துடைக்கிறவன் எல்லாம் என் கைக்குத் தெரியும். அன்றைக்கு அதைக் கல்லில் அடிக்க எனக்குக் கை வரவில்லை. கசக்கிப் பிழிந்தேன். காயவைத்து மடித்துக் கொடுத்தேன். கொண்டுபோய்க் கோயில் வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

அந்த வருஷமே கோப்பை வந்தது. மறு வருஷமும் வந்தது. வேட்டு வெடித்தார்கள். சத்தம் எங்கள் கொல்லைக்குக் கேட்டது. ரோட்டோரத்தில் ஒரு புறம்போக்கு மாதிரி இடம், அங்கே மைதானத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆடினது வெளியூர்க் கால்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் பாட்டில் தூக்கினார்கள். அப்புறம் அதற்கும் வரவில்லை.

சரி, போனது போகட்டும், இனிமேலாவது உளுந்து தெளிக்கலாம் என்று நான் நினைத்தேன். தை வந்தது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேட்டார்.

“மேனேஜர், வெதை வாங்கியாச்சா? எனக்கு வாங்கறப்ப சேத்து வாங்கிடவா?”

“வேணாம். பசங்க வருவானுங்க.”

அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் அதே கேள்வி, அதே பதில். ஒவ்வொரு தையும் அறுப்பு முடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், அறுவடை வண்டி இறங்கின தடத்தையெல்லாம் மூடிச் சமன் பண்ணுவார். மாட்டுக் கொட்டகைக் கூரை இறவாணத்தில் செருகி வைத்திருக்கிற மூங்கில் கம்புகளை எடுத்துப் போய்க் கோல் நடுவார். சாயங்காலமானால் வரப்பில் போய் உட்கார்ந்துகொள்வார். சுற்றிலும் பச்சை. நடுவில் வெடித்த மண். வயல் வேலைக்குப் போகிற பொம்பளைகள் என்னைப் பார்த்துக் கேட்பார்கள்.

“என்ன பெரியம்மா, உங்க வயலு யாருக்கு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டுச்சு?”

“உன் நாக்குக்கு வேண்டிக்கிட்டுத்தான். நீளம் கொறையட்டும்னு.”

அவர்களிடம் அப்படிச் சொல்லிவிடுவேன். வீட்டுக்குள் வந்து அவரிடம் ஒரு நாள் கேட்டேன், “அவங்கதான் கையைத் தூக்கிட்டாங்களே. வருவாங்கன்னு யாரு சொன்னா உங்களுக்கு?”

“கையைத்தானே தூக்கினாங்க. காலு இங்க பழகின காலு” என்றார்.

மற்றவர்களுக்கு அது பைத்தியமாகத் தெரிந்திருக்கும். எனக்கும் சில நாள் தெரிந்தது. ஆனால் அவர் மனசில் இருந்தது இந்த ஒன்றுதான், அந்தப் பிள்ளைகள் மறுபடி அந்த வயலில் ஆட வேண்டும். ஒரு ஆட்டம் போதும். அதைத் தவிர அவருக்குக் கடைசிவரை வேறு ஆசை இருந்ததாக நான் அறியேன். அவருக்கு அது நடந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் இல்லை.

போன வருஷம் ஐப்பசியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தஞ்சாவூரில் படுக்க வைத்துப் பார்த்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கார்த்திகை மழை. ஒரு நாள் காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்தார். ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார். பயிர் தண்டு உருண்டு நின்றது.

“இந்தத் தையில உளுந்து தெளிச்சிடு” என்றார்.

எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. “ஏங்க? பசங்க?”

“தெளிச்சிடு.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மீதிக் கஞ்சியைக் குடிக்கவில்லை. உயிர் போனது மார்கழியில். என்னைக் கேட்டால் அவர் போனது அந்தக் கார்த்திகைக் காலையில்தான்.

தூக்கிப் போனவர்களில் சென்டரும் தோள் கொடுத்தான். இப்போது அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. சொந்தமாக அறுவடை வண்டி வைத்திருக்கிறான். எங்கள் தெருவில் எல்லார் வயலையும் அவன் வண்டிதான் அறுக்கிறது. அவனை முன்னால் தோள் கொடுக்க விட்டதற்கு மேலத்தெருவில் ஒருத்தரும் முனகவில்லை. அதை நான் கவனித்தேன். அழுதுகொண்டும் கவனித்தேன்.

தை பிறந்தது. சொன்ன சொல் சொல். பக்கத்து வயல்காரர் விதை வாங்கிவந்து, தெளிக்க நின்றார். முதல் கைப்பிடியை நானே வாங்கி வீசினேன். தாலி இழந்தவள் கையால் வீசலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வீசியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து சென்டர் வண்டியைக் கொண்டுவந்தான். வயலில் இறங்குமுன் வரப்பில் குந்தி, சேற்றிலிருந்து ஒரு உளுந்தை எடுத்துப் பார்த்தான். ஊறி, தோல் வெடித்திருந்தது. என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாய் திறந்தான். அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். கூலி பேசத்தான் வாயெடுத்தான்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் ஒரு காலை. பனி விலகவில்லை. கொல்லைப் பக்கம் பேச்சுச் சத்தம். போய்ப் பார்த்தால் வரப்பு நெடுக ஆட்கள். கையில் செருப்பு. பழைய டீம். தொந்தி விழுந்தவன், முடி கொட்டினவன், கண்ணாடி போட்டவன், எல்லாரும் என் எலுமிச்சம்பழச் சோறு தின்றவர்கள். நடுவில் சென்டர். அவன் பக்கத்தில் இப்போதைய மேனேஜர். துபாயிலிருந்து வந்த பிள்ளை. அவன் மட்டும் செருப்பைக் கழற்றவில்லை.

அவன்தான் பேசினான். “பெரியம்மா, ரோட்டோர கிரவுண்டுல மனை போட்டுக் கல்லு நட்டுட்டாங்க. மேனேஜர் ஐயா பேர்ல ஒரு போட்டி நடத்தலாம்னு எல்லாரும் ஆசைப்படறாங்க. அவங்க வயல்லயே வச்சா நல்லாருக்கும்னு சென்டர் அண்ணன்தான் சொன்னாரு.” அப்புறம் வயலைப் பார்த்தான். “இது என்ன, இந்த வருஷம் ஏதோ போட்டிருக்கீங்களா?”

உளுந்து மூன்றாவது இலை விட்டிருந்தது. இலை ஒவ்வொன்றிலும் பனி.

சென்டர் தரையைப் பார்த்தான்.

“வண்டி கொண்டாந்த அன்னிக்கே கேக்கலாம்னுதான் வந்தேன் அத்தை. வெதையப் பாத்துட்டேன். அதுக்கு மேல எந்த வாயால கேக்கறது?”

“ஏன்டா, போன வருஷம் எங்கடா போனீங்க?” என்றேன். “அதுக்கு முந்தின வருஷம்? ஒவ்வொரு மாசியும் கோலு நட்டு வச்சிட்டு இதே வரப்புல உக்காந்திருந்தாரு. இந்த வழியா டிவிஎஸ்ல போவீங்க. கண்ணை எங்கடா வச்சிருந்தீங்க?”

“பாக்காம இல்ல அத்தை. பாத்துட்டுத்தான் போவோம். முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு…”

“முழிச்சிருந்தா திட்டியிருப்பாரு. அவ்வளவுதானே. திட்டிட்டு விசிலை வாயில வச்சிருப்பாரு.”

துபாய்ப் பிள்ளை இடையில் புகுந்தான். “உளுந்துதானே பெரியம்மா. நஷ்டம் என்னவோ அதைக் கிளப் குடுத்துடும்.”

“வாயை மூடுறா” என்றது ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குரல்.

எனக்கு அப்போது என்ன வந்ததோ. அவர் தெளிக்கச் சொன்னதும் எனக்கு வேதவாக்குதான். ஆனால் அவர் காத்துக் கிடந்தது இதோ வந்து நிற்கிறதே. செடி அடுத்த வருஷமும் முளைக்கும். இவர்கள் இன்னொரு தரம் வருவார்களா? புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கொண்டு நானே வயலில் இறங்கினேன். காலுக்குக் கீழே பிஞ்சுத் தண்டு முறிகிறது தெரிந்தது. சில்லென்று இருந்தது.

“இறங்குங்கடா” என்றேன். “நான் சொல்றேன். என் வயலு. நாலு செடிதானே. இறங்கி ஆடுங்க. அவர் காத்துக் கெடந்த எடம்டா இது. ஒரு ஆட்டம் ஆடுங்க. நான் பாத்துக்கறேன்.”

“அத்தை! ஏறுங்க அத்தை. ஏறுங்கங்கறேன்ல!”

“இறங்குடா!”

துபாய்ப் பிள்ளை ஒரு காலைக் கீழே வைக்கப் போனான். சென்டர் கையை நீட்டி அவன் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்தான்.

“இறங்கினவன் ஆட்டத்தில் இல்லை” என்றான். அத்தனை பெரிய ஆள், வரப்பில் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒருத்தரும் இறங்கவில்லை. அத்தனை பேர் காலும் வரப்பு விளிம்பில் வரிசையாக நின்றது. விரல்கூட செடிமேல் படவில்லை. நான் மட்டும் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் கை கொடுத்துத்தான் மேலே ஏறினேன்.

அதனால்தான் போட்டியை ஹைஸ்கூல் மைதானத்தில் வைத்தார்கள். பிளெக்ஸ் வைத்தார்கள். அந்தப் பிள்ளை மைக்கில் ‘ஆனாலும்’ என்றது. அந்தப் பிள்ளை மாசிக் காலையில் எங்களோடு வரப்பில் இல்லை. இருந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கோப்பை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, காட்டலாம். பத்துப் பதினைந்து பேர் முளைச்ச வயலில் கால் வைக்காமல் நின்றதை எந்தப் பெட்டியில் வைத்துக் காட்டுவது? எனக்கு அது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெறும் பெருமையாக இல்லை. அவர் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் மறந்திருந்தால், அன்றைக்கு அவர் ஆசை நடந்திருக்கும். பாதியை மறந்திருந்தாலும் போதும். மறக்கவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

போட்டியன்று எங்கள் கிளப்புக்கு ஆடினவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டே பேர். மற்றவர்கள் வேனில் வந்தார்கள், வேனில் போனார்கள். கோப்பையை எங்கள் கிளப்தான் வாங்கியது.

உளுந்து கொட்டித் தீர்த்தது. இத்தனை வருஷம் தூங்கின மண் என்றார் பக்கத்து வயல்காரர். பறிக்க ஆள் கூப்பிடவில்லை. பழைய டீமே வந்து பறித்துப் போட்டது. என் காலடி பட்ட இடம் மட்டும் சின்னதாகச் சொட்டையாக இருந்தது. சாப்பிட்டுப் போகச் சொன்னேன். கொல்லையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சென்டர் துவையல் கேட்கவில்லை. நானே வைத்தேன்.

வயல் மறுபடி மொட்டையானது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கோல் கம்புகள் நட்டிருக்கின்றன. நான் நடச் சொல்லவில்லை. இறவாணத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய் சென்டர்தான் நட்டிருக்கிறான். சித்திரை முழுக்க நின்றது. வைகாசி முழுக்க நின்றது. சாயங்காலமானால் நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் கொல்லைக்கு வந்து பார்ப்பேன். அவர் உட்காருகிற இடத்தில் உட்காருவேன். யாரும் வரவில்லை. வருவதற்கு யார் இருக்கிறார்கள்? பழையவர்களுக்கு முட்டி வலி. வேனில் வருகிறவர்களுக்கு எங்கள் ஊருக்கு வழி எதற்கு? ஊர்ப் பிள்ளைகளைப் பழக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் இல்லை. ஒரு நாள் இரண்டு மாடு வந்து கம்பில் முதுகைச் சொரிந்துகொண்டு போயிற்று.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று சொன்னார்கள். உழ வேண்டும். சென்டருக்குச் சொல்லியனுப்பினேன். வந்து ஒவ்வொரு கம்பாகப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, இருந்த இடத்தில் செருகினான்.

“தையில தெளிக்கறதா அத்தை, சும்மா போடறதா?” என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. இப்போது சம்பா கதிர் வாங்கிக்கொண்டிருக்கிறது. அவருக்குத் தலைத்திவசம் வரப்போகிறது. இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

“கம்பு நட்ட குழி ஆழமா இருக்கு. மூடிட்டுப் போறேன்” என்றான் அன்றைக்கு.

“இருக்கட்டும் விடு” என்றேன்.

மறுநாள் மடையைத் திறந்தோம். வெடிப்பு வெடிப்பாக ஊர்ந்து வந்த தண்ணீர், வயலில் பரவுவதற்கு முன்னால் அந்த நாலு குழியைத்தான் முதலில் நிரப்பியது.